சாலை விபத்து மீட்டுருவாக்கம்: படிப்பு, பயிற்சி, அனுபவம் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தஞ்சாவூரில் இருந்துகொண்டு டெல்டா மாவட்டங்களில் விபத்து மீட்டுருவாக்க வேலை பார்க்கிறேன். இன்ஜினியரிங் மாணவர்கள், புதிதாக விபத்து இழப்பீட்டு வழக்கு எடுக்கும் வழக்கறிஞர்கள், காவல் உதவி ஆய்வாளர்கள், வீட்டில் ஒருவரைப் பறிகொடுத்தவர்கள் என்று பலரும் கேட்கிறார்கள். ஆள்தான் வேறு, கேள்வி ஒன்றுதான். அவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, பதிலை ஓரிடத்தில் வைத்திருக்கிறேன்.

ஆக்சிடென்ட் ரீகன்ஸ்ட்ரக்ஷன்னா என்ன சார்? போலீஸ் விசாரிக்கிறதும் இதுவும் ஒண்ணுதானே?

இரண்டும் வேறு. யார் ஓட்டினார்கள், யார் பார்த்தார்கள், எந்தப் பிரிவில் வழக்கு என்பது காவல்துறையின் வேலை. மோதுவதற்கு முன் வண்டி என்ன வேகத்தில் வந்தது, சாலையின் எந்த இடத்தில் மோதல் நடந்தது, ஓட்டியவர் எப்போது பிரேக் பிடித்தார், எதிரில் இருப்பது அவருக்கு எத்தனை மீட்டர் தூரத்தில் தெரிந்திருக்கும், விபத்தைத் தவிர்க்க நேரம் இருந்ததா என்பவை எங்கள் கேள்விகள். வண்டிகள் கடைசியாக நின்ற இடத்தில் தொடங்கி, தடங்களையும் சேதங்களையும் வைத்து, இயற்பியல் விதிகளின்படி பின்னோக்கி வருவதுதான் இந்த வேலை.

'தப்பு யார் மேல்' என்று நாங்கள் எழுதுவதில்லை. அதைச் சொல்ல நீதிபதி இருக்கிறார்.

இதுக்கு நம்ம ஊர்ல தேவை இருக்கா?

2022-ல் இந்தியாவில் 4,61,312 சாலை விபத்துகள் நடந்தன, 1,68,491 பேர் இறந்தார்கள். விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 64,105. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட கணக்கு இது. இவற்றில் மிகப் பெரும்பாலான வழக்குகள் ஒரு பார்வை மகஜர் (சம்பவ இடத்தைப் பார்த்து போலீஸ் எழுதும் குறிப்பு), ஒரு மாதிரி வரைபடம், ஒரு எம்.வி.ஐ. (மோட்டார் வாகன ஆய்வாளர்) ரிப்போர்ட், இரண்டு மூன்று சாட்சிகள் என்ற அளவோடு முடிகின்றன. வேகம் என்ன என்ற கேள்விக்கு 'அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்' என்ற ஒரே வாக்கியம்தான் பதிலாக இருக்கிறது. எண்பதில் வந்தவருக்கும் நாற்பதில் வந்தவருக்கும் அதே வாக்கியம். தேவை இருக்கிறது என்பதற்கு இதைவிட வேறு சான்று எனக்கு வேண்டாம்.

என்ன படிச்சிருக்கணும்? மெக்கானிக்கல்தான் வேணுமா? நான் டிப்ளமோ ஆட்டோமொபைல்.

டிப்ளமோ போதும், தொடங்கலாம். மெக்கானிக்கல், ஆட்டோமொபைல், சிவில் என்று எந்தப் பக்கத்திலிருந்தும் வரலாம். சிவில் படித்தவருக்குச் சாலையின் சரிவும் வளைவும் கைவரும், ஆட்டோமொபைல் படித்தவருக்கு வண்டி கைவரும். இயற்பியலோ தடய அறிவியலோ படித்தவர்களும் வருகிறார்கள். பிளஸ் டூ இயற்பியலில் வரும் இயக்கம், உராய்வு, ஆற்றல், உந்தம், எறிபொருள் ஆகிய ஐந்தும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்கிற அளவுக்கு வேண்டும். திரிகோணமிதி வேண்டும். இதற்கு மேல் உள்ள கணக்கை வேலையோடு வேலையாகக் கற்றுக்கொள்ளலாம்.

பெண்கள் வரலாமா என்று சில மாணவிகள் தயங்கித் தயங்கிக் கேட்டிருக்கிறார்கள். தாராளமாக வரலாம், வர வேண்டும். இரவில் சம்பவ இடத்துக்குப் போகிற நிலை வரும், அதற்குத் துணை வைத்துக்கொள்ளுங்கள். இதை ஆண்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நடுரோட்டில் குனிந்து டேப் பிடிக்கும்போது வரும் வண்டியைப் பார்க்க ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும்.

இந்தியாவுல எங்க கத்துக்கலாம்? லைசென்ஸ் மாதிரி ஏதாவது உண்டா?

மீட்டுருவாக்க வல்லுநர் என்று சட்டப்படி தனி உரிமம் இங்கே கிடையாது. அதனால் யார் வேண்டுமானாலும் பலகை மாட்டிக்கொள்ள முடிகிறது, அது நல்லதல்ல. ஃபரீதாபாத்தில் உள்ள சாலைப் போக்குவரத்துக் கல்வி நிறுவனம் விபத்து விசாரணையைச் சொல்லிக்கொடுக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் சாலைப் பாதுகாப்புக்கான சீர்மிகு மையம் இருக்கிறது. காவல்துறையினர் இன்று செல்போனில் விபத்து விவரம் ஏற்றும் ஐராட் தளத்தை உருவாக்கியதும் அந்த ஐ.ஐ.டி.தான், முதலில் பரிசோதித்த மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. டெல்லி ஐ.ஐ.டி.யிலும் இந்தத் துறையில் நீண்டகால ஆராய்ச்சி உண்டு. கோயம்புத்தூரில் விபத்து இடங்களுக்கே போய்த் தரவு சேகரிக்கும் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. இளம் இன்ஜினியர்களுக்கு அப்படிப்பட்ட இடத்தில் இரண்டு வருட வேலை கிடைத்தால் விடாதீர்கள் என்பேன்.

இன்னொரு வழி, காப்பீட்டுத் துறையில் மோட்டார் சர்வேயராகப் போவது. அதற்குக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. தரும் உரிமம் உண்டு, பயிற்சியும் தேர்வும் உண்டு. நொறுங்கிய வண்டிகளைத் தினமும் பார்க்கிற வாய்ப்பு சர்வேயரைப் போல வேறு யாருக்கும் கிடைக்காது. ஆனால் சர்வேயர் பார்ப்பது சேதத்தின் விலையை. சேதம் எந்தத் திசையிலிருந்து, எந்த விசையில் வந்தது என்று பார்க்கத் தனியாகப் பழக வேண்டும்.

அமெரிக்காவுல ஆக்டார்னு ஒரு சர்டிபிகேட் இருக்காமே, அதை வாங்கினா இங்க கோர்ட்ல செல்லுமா?

ஆக்டார் என்பது மீட்டுருவாக்க வல்லுநர்களுக்கு அங்கீகாரம் தரும் அமெரிக்க அமைப்பு. அறிவைச் சோதிக்கும் ஒரு பகுதி, ஒரு விபத்தின் தரவைக் கொடுத்து முழுக் கணக்குப் போட வைக்கும் ஒரு பகுதி என்று தேர்வு இருக்கும். தேறிய பிறகும் தொடர்ந்து பயிற்சி பெற்றால்தான் புதுப்பிப்பார்கள். அந்த நாட்டில் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகம் 1936-லிருந்தே போக்குவரத்துப் பயிற்சி நடத்துகிறது. நார்த் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் காவல் பயிற்சி நிறுவனத்துக்கும் நல்ல பெயர். பிரிட்டனில் விபத்து விசாரணையாளர்களுக்கென்றே ஒரு சங்கம் உண்டு.

இங்கே நீதிமன்றம் ஒரு குறிப்பிட்ட சான்றிதழைக் கேட்பதில்லை. பாரதிய சாட்சிய அதினியம் 39-ஆம் பிரிவு (பழைய சாட்சியச் சட்டத்தில் 45) அந்தத் துறையில் தனித் திறன் உள்ளவரின் கருத்தை ஏற்கலாம் என்கிறது. திறன் படிப்பாலும் வரும், அனுபவத்தாலும் வரும். வெளிநாட்டுச் சான்றிதழ் மதிப்புத்தான், ஆனால் நம் சாலையில் அளந்து பழகாதவரிடம் அது இருந்து பயனில்லை.

முதல்ல எதைக் கத்துக்கணும்? சாப்ட்வேரா?

டேப் பிடிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். இதைச் சொன்னால் மாணவர்கள் முகம் வாடிப்போகும், ஆனாலும் இதுதான் என் பதில். பிசி-கிராஷ் போன்ற மென்பொருள் அருமையான கருவி. நீங்கள் தராத அளவை அது தானாகக் கண்டுபிடிக்காது.

சம்பவ இடத்தில் முதலில், யாரும் நகர்த்த முடியாத இரண்டு புள்ளிகளைப் பிடியுங்கள்: எண் போட்ட மின்கம்பம், கிலோமீட்டர் கல், மதகின் கைப்பிடிச் சுவர். ஒவ்வொரு தடத்தையும் பொருளையும் அந்த இரண்டிலிருந்தும் அளந்தால், பத்து வருடம் கழித்தும் தாளில் அதே இடத்தில் வைக்கலாம். புளியமரத்திலிருந்து அளக்காதீர்கள், சாலையை அகலப்படுத்தும்போது முதலில் போவது அதுதான். போட்டோ எடுக்கும்போது முதலில் தூரத்திலிருந்து நான்கு பக்கமும், பிறகு நெருங்கி, கடைசியாக அளவுகோல் வைத்து. சாலையின் அகலம், சரிவு, ஓரத்தில் மண் எவ்வளவு இறங்கியிருக்கிறது, தார் புதிதா பழையதா, ஈரம் உண்டா, எல்லாம் வேண்டும்.

உடைந்த கண்ணாடித் தூள் கிடக்கும் இடத்தை மோதிய இடம் என்று குறிப்பது மாதிரி வரைபடங்களில் அடிக்கடி காணும் தவறு. தூள் வண்டியோடு சேர்ந்து முன்னால் பறக்கும். மோதிய இடத்தைத் துல்லியமாகக் காட்டுவது தாரில் இரும்பு கீறிய பள்ளம். மோதலின் உச்சத்தில் வண்டியின் அடிப்பாகம் கீழே அழுந்தித் தாரைத் தோண்டிவிடும். உட்கார்ந்து, பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பார்த்தால்தான் தெரியும். அந்தப் பள்ளம் நடுக்கோட்டுக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதில் ஒரு வழக்கே திரும்பிவிடும்.

பிரேக் போட்ட தடத்தை வச்சு வேகம் சொல்றாங்களே, அது எப்படி?

வேகத்தின் வர்க்கம் = 254 × உராய்வுக் கெழு × தடத்தின் நீளம். நீளம் மீட்டரில், வேகம் மணிக்குக் கிலோமீட்டரில் வரும். உராய்வுக் கெழு என்பது டயர் சாலையை எவ்வளவு பிடிக்கிறது என்று காட்டும் எண். காய்ந்த நல்ல தாரில் கெழு 0.7 என்று வையுங்கள். 20 மீட்டர் தடம் என்றால் 254 × 0.7 × 20 = 3,556. வர்க்கமூலம் ஏறத்தாழ 60. தடத்தின் முடிவில் வண்டி தானாக நின்றிருந்தால் தொடக்க வேகம் 60.

நான்கு சக்கரத்தின் தடத்தையும் தனித்தனியாக அளக்க வேண்டும். பின்சக்கரத் தடம் முன்சக்கரத் தடத்தின் மேலேயே விழும். மொத்த நீளத்தை அப்படியே எடுத்தால் இரண்டு அச்சுகளுக்கு இடைப்பட்ட தூரம் கூடிப்போய், வேகம் அதிகமாக வரும்.

தடத்தின் முடிவில் வண்டி நிற்காமல் எதிலாவது மோதியிருந்தால்? தடத்துக்கு 50, சேதத்தை வைத்து மோதல் வேகம் 30 என்று வந்தால், தொடக்க வேகம் 80 என்று எழுதிய அறிக்கைகளைப் பார்த்திருக்கிறேன். வேகத்தைக் கூட்டக்கூடாது, ஆற்றலைத்தான் கூட்ட வேண்டும். 50-ன் வர்க்கம் 2,500, 30-ன் வர்க்கம் 900, மொத்தம் 3,400. வர்க்கமூலம் 58. எண்பதுக்கும் ஐம்பத்தெட்டுக்கும் நடுவில் ஒரு ஓட்டுநரின் வாழ்க்கை இருக்கிறது.

ஐ.ஆர்.சி. புத்தகத்துல உராய்வுக் கெழு 0.35-னுதானே போட்டிருக்கு? நீங்க 0.7 எடுத்தா எப்படி?

நெடுஞ்சாலைத் துறையில் வேலை பார்த்த ஒருவர் கேட்டது, மிக நல்ல கேள்வி. இந்திய சாலைகள் பேரவை (ஐ.ஆர்.சி.) தரும் 0.35 முதல் 0.40 வரையான எண் சாலையை வடிவமைக்க. ஈரச் சாலை, தேய்ந்த டயர் எல்லாவற்றையும் நினைத்துப் பாதுகாப்புக்காகக் குறைத்து வைத்தது. அதேபோல் ஓட்டுநர் சுதாரிக்கும் நேரத்தையும் வடிவமைப்பில் 2.5 விநாடி என்று தாராளமாக எடுப்பார்கள். மீட்டுருவாக்கத்தில் எதிர்பாராத ஆனால் தெளிவாகத் தெரியும் ஆபத்துக்கு 1.5 விநாடியை ஒட்டி எடுப்பது வழக்கம்.

18 மீட்டர் தடத்துக்கு 0.35 போட்டால் 40 கி.மீ. வேகம். 0.7 போட்டால் 57. ஆகவே புத்தகத்தை விட்டுவிட்டு அந்தச் சாலையில் சோதியுங்கள். அதே வகை வண்டியை, போலீஸ் அனுமதியோடு, போக்குவரத்தை நிறுத்தி, தெரிந்த வேகத்தில் ஓட்டிப் பிரேக் அழுத்தி அளப்பது நல்லது. முடுக்கமானி கருவி இருந்தால் இன்னும் நல்லது. முடியாவிட்டால் ஒரு கீழெல்லை, ஒரு மேலெல்லை போட்டு 'இவ்வளவிலிருந்து இவ்வளவுக்குள்' என்று எழுதுங்கள். 'மணிக்கு 72.4 கி.மீ.' என்று புள்ளி வைத்து எழுதும் அறிக்கையை நான் நம்புவதில்லை.

ரோட்டுல நெல்லு காயப்போட்டிருந்தா, வைக்கோல் கிடந்தா அந்தக் கணக்கு வருமா?

அப்படியே வராது. குறுவை அறுப்பு நேரத்திலும், தை மாசிச் சம்பா அறுப்பிலும், அதற்குப் பிறகு உளுந்தும் பயறும் வரும்போதும் டெல்டாவில் சாலைதான் களம். செடியை ரோட்டில் பரப்பி, போகிற வண்டிகள் ஏறி உடைக்கட்டும் என்று விடுவார்கள். வைக்கோல் மேல் சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொண்டால் ரப்பர் தாரைத் தொடுவதே இல்லை, தடமும் விழாது. தடம் இல்லை என்பதால் பிரேக் பிடிக்கவில்லை என்று எழுதினால் அது அநியாயம்.

இந்த இடங்களில் வேறு சான்று தேட வேண்டும். வைக்கோல் எந்தப் பக்கம் சுருண்டு ஒதுங்கியிருக்கிறது, நெல் மேட்டின் ஓரத்தில் சக்கரம் வெட்டிய கோடு எங்கே தொடங்குகிறது, குவியலைச் சுற்றி வைத்த கல் எத்தனை மீட்டர் தள்ளிப் போயிருக்கிறது என்று பாருங்கள். விவசாயி அரை மணி நேரத்தில் நெல்லை அள்ளிவிடுவார். பயம்தான் காரணம், கெட்ட எண்ணமில்லை. ஆகவே முதலில் போகிறவர் செல்போனிலாவது படம் எடுத்துவிட வேண்டும்.

ஆத்துல விழுந்த வண்டிக்கு வேகம் எப்படிச் சொல்றது? தடமே இருக்காதே.

வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, அரசலாறு, புது ஆறு என்று கரையையே சாலையாக வைத்திருக்கிற ஊர் நம்முடையது. கரையிலிருந்து நேராகப் பறந்து விழுந்த வண்டிக்குக் கணக்கு இருக்கிறது. கரையின் விளிம்பிலிருந்து முதலில் தரை தட்டிய இடம் வரை கிடைத்தளத் தூரம், அந்த இரண்டு இடங்களுக்கும் இடையேயான உயரம், இரண்டும் போதும். உயரம் 3 மீட்டர் என்றால் விழ எடுக்கும் நேரம் 0.78 விநாடி. அந்த நேரத்தில் 12 மீட்டர் போயிருந்தால் விநாடிக்கு 15.3 மீட்டர், அதாவது மணிக்கு 55 கி.மீ. கரை விளிம்பு மேல்நோக்கிச் சாய்ந்திருந்தால் கணக்கு மாறும்.

முதலில் தட்டிய இடம்தான் சிக்கல். கோடையில் ஆறு வறண்டு கிடக்கும்போது மணலில் முன்பம்பர் குத்திய குழி அப்படியே இருக்கும். ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து தண்ணீர் வந்த பிறகென்றால் நீரோட்டம் வண்டியை நகர்த்திவிடும், கிரேன் வேறு இழுத்துத் தூக்கும். வண்டி கிடைத்த இடத்தை விழுந்த இடம் என்று வைத்துக் கணக்குப் போடக்கூடாது. தண்ணீர் குறைந்த பிறகு ஒருமுறை போய்ப் பார்ப்பது வீண் வேலை இல்லை.

இப்ப வர்ற வண்டியில ஏ.பி.எஸ். இருக்கே, அப்ப என்ன பண்றது? பைக்குக்கும் இதே கணக்குதானா?

ஏ.பி.எஸ். (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள வண்டியிலும் மெல்லிய தடம் விழும், விட்டுவிட்டு நிழல் மாதிரி. காலை வெயில் சாய்ந்து அடிக்கும்போது, தாழ்ந்து நின்று பார்த்தால் தெரியும். சில மணி நேரத்தில் மறைந்துவிடும்.

பைக் கணக்கு வேறு. நம் ஊரில் பலர் காலால் பின்பிரேக்கை மட்டும் மிதிக்கிறார்கள். பின்சக்கரம் மட்டும் பூட்டிய தடத்துக்கு 0.7 போட்டால் வேகம் எக்கச்சக்கமாக ஏறிவிடும், 0.35 முதல் 0.45 வரைதான் பொருந்தும். விழுந்து சறுக்கிய பைக்குக்குத் தாரில் 0.4 முதல் 0.6 வரை எடுத்துப் பார்க்கலாம். 25 மீட்டர் சறுக்கியிருந்தால் 50-க்கும் 62-க்கும் இடையில் என்று வரும். அந்த இடைவெளியை அப்படியே எழுதுங்கள். ஃபுட்ரெஸ்ட் கீறிய கோடு எங்கே தொடங்குகிறதோ அங்கேதான் பைக் தரையில் சாய்ந்தது. மோதிய இடம் அதற்கு முன்னால் இருக்கலாம்.

ராத்திரியில டிராக்டர் டிரெய்லர் பின்னாடி போய் மோதிட்டாங்க. லைட் எரிஞ்சுதா இல்லையான்னு கண்டுபிடிக்க முடியுமா?

பழைய இழை பல்பு என்றால் பெரும்பாலும் முடியும். எரியும்போது இழை வெப்பத்தில் இளகியிருக்கும், மோதலின் அதிர்ச்சியில் சுருள் நீண்டு வளைந்துவிடும். அணைந்திருந்தால் குளிர்ந்த இழை பட்டென்று ஒடியும், இல்லை அப்படியே இருக்கும். எரியும்போது கண்ணாடி உடைந்திருந்தால் காற்று பட்டு இழையில் வெள்ளையும் மஞ்சளுமாகப் பொடி படியும். பூதக்கண்ணாடி போதும். 'எரிகிறதா பார்ப்போம்' என்று பேட்டரி கொடுத்துச் சோதிப்பதை மட்டும் யாரையும் செய்ய விடாதீர்கள், சான்று அந்த நொடியில் அழிந்துவிடும். எல்.இ.டி. விளக்கில் இந்த வழி இல்லை.

நெல் ஏற்றிய டிரெய்லர்கள் பலவற்றில் பின்விளக்கே இருக்காது, பிரதிபலிப்பு ஸ்டிக்கரை வைக்கோல் மூடியிருக்கும். கொள்முதல் நிலையத்துக்கு முன் லாரிகள் வரிசையாக நிற்கும். அறுபது கி.மீ. வேகத்தில் வருகிறவர் சுதாரிப்பதற்குள் 25 மீட்டர் போய்விடுவார், பிரேக் பிடித்து நிற்க இன்னும் 20 மீட்டர். அந்த 45 மீட்டர் தூரத்தில் டிம் லைட்டில் அந்த டிரெய்லர் தெரிந்திருக்குமா என்பதுதான் கேள்வி. அதே இடத்தில், அதே மாதிரி இருட்டில், அதே வகை வண்டியை நிறுத்திப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். மார்கழிப் பனிமூட்டத்தில் நடந்ததை வைகாசியில் சோதித்தால் பொருந்தாது. வேளாங்கண்ணிக்கு இரவில் நடந்து போகிறவர்கள் மேல் வண்டி ஏறிய வழக்குகளிலும் இதே சோதனைதான், உடுத்தியிருந்த துணியின் நிறம் உட்பட.

சிசிடிவி இருந்தா கணக்கெல்லாம் தேவையில்லையே?

தேவை. கண்ணால் பார்த்து 'ரொம்ப வேகமா வர்றான்' என்று சொல்வது சாட்சியே ஆகாது, கேமராவின் கோணம் ஏமாற்றும். படத்தில் தெரியும் இரண்டு நிலையான புள்ளிகளுக்கு இடையிலான தூரத்தைச் சாலையில் போய் அளந்து, அதைக் கடக்க எத்தனை ஃபிரேம் ஆனது என்று எண்ண வேண்டும். விநாடிக்கு 25 ஃபிரேம் ஓடும் பதிவில் 18 மீட்டரைக் கடக்க 27 ஃபிரேம் என்றால் 1.08 விநாடி, மணிக்கு 60 கி.மீ. ஒரு ஃபிரேம் முன்பின் ஆனால் 58-லிருந்து 62 வரை. பல கடைக் கேமராக்கள் 25 ஓடுவதாகச் சொல்லிவிட்டு நடுவில் ஃபிரேமை விழுங்கும், அதையும் சரிபார்க்க வேண்டும்.

கடைக்காரரிடம் உடனே போங்கள், சில நாட்களில் பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும். வாட்ஸ்அப்பில் வாங்காமல் மூலப் பதிவையே வாங்கி, சாட்சிய அதினியம் 63-ஆம் பிரிவின்படி சான்று சேர்க்க வேண்டும். காரின் ஏர்பேக் கணினியில் மோதலுக்கு முந்தைய சில விநாடி வேகம் பதிவாகியிருக்க வாய்ப்புண்டு, ஆனால் இங்கே எல்லா மாடலிலும் அதைப் படிக்க முடிவதில்லை. பேருந்து, டாக்ஸி என்றால் பொருத்தியிருக்கும் ஜி.பி.எஸ். கருவியின் பதிவைக் கேளுங்கள்.

பிரேக் இன்ஸ்பெக்டர் பார்த்துட்டு ரிப்போர்ட் கொடுத்துட்டாரே, அதுக்கப்புறம் நீங்க எதுக்கு?

மோட்டார் வாகன ஆய்வாளர் பார்ப்பது பெரும்பாலும் ஒரே கேள்வியை: விபத்து இயந்திரக் கோளாறால் நடந்ததா இல்லையா. அவருக்குக் கிடைக்கும் நேரமும் குறைவு. மோட்டார் வாகனச் சட்டம் 136-ஆம் பிரிவின்படி, ஆய்வுக்கான நடைமுறை முடிந்ததும் 24 மணி நேரத்துக்குள் வண்டியைத் திருப்பித் தர வேண்டும். பிறகு அது ஒர்க்‌ஷாப் போய் டிங்கரிங் ஆகிவிடும். இடித்த ஆழம், திசை, டயரின் நிலை, சீட் பெல்ட் நாடாவில் இழுபட்ட தழும்பு, கியர் எதில் இருந்தது, எல்லாம் அதோடு போச்சு.

ஏழு ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களுக்குத் தடயவியல் வல்லுநர் சம்பவ இடத்துக்குப் போக வேண்டும் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், பி.என்.எஸ்.எஸ்., 176(3)-ல் சொல்கிறது. கவனக்குறைவால் மரணம் விளைவிப்பதற்கான பி.என்.எஸ். (புதிய தண்டனைச் சட்டம்) 106(1)-க்கு உச்ச தண்டனை ஐந்து ஆண்டு, ஆகவே சாலை மரணங்கள் அந்தக் கட்டாயத்துக்குள் வருவதில்லை. இது எனக்கு ஆறாத வருத்தம். கொலை வழக்குக்கு வருகிற வல்லுநர் சாலையில் ஒரு குடும்பமே போனாலும் வர வேண்டிய கட்டாயம் இல்லை.

எங்க அண்ணன் இறந்து நாலு மாசம் ஆச்சு. எஃப்.ஐ.ஆர்.ல அண்ணன் மேலயே தப்புன்னு எழுதிட்டாங்க. இப்ப ஏதாவது செய்ய முடியுமா?

முடியும், முழுதாக இல்லாவிட்டாலும். முதலில் தாள்களைச் சேருங்கள்: எஃப்.ஐ.ஆர்., பார்வை மகஜர், மாதிரி வரைபடம், எம்.வி.ஐ. ரிப்போர்ட், பிரேதப் பரிசோதனை அறிக்கை. 2022 ஏப்ரல் முதல் நடப்பிலுள்ள விதிகளின்படி காவல்துறை முதல் விபத்து அறிக்கையை 48 மணி நேரத்திலும், விரிவான விபத்து அறிக்கையை 90 நாட்களிலும் மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குக் கொடுக்க வேண்டும். அவற்றில் படங்களும் இட வரைபடமும் இருக்கும், கேட்டு வாங்குங்கள். அக்கம்பக்கத்தார் செல்போன் படங்களையும் கேளுங்கள். யாரோ தற்செயலாக எடுத்த படத்தின் ஓரத்தில் தடம் தெரியலாம். மின்கம்பமும் மதகும் அப்படியே இருந்தால், அந்தப் படத்திலிருந்தே தூரத்தை அளந்து எடுக்கலாம். தாரில் கீறிய பள்ளம் மறுபடி தார் போடும்வரை இருக்கும். பிரேதப் பரிசோதனையில் காயம் எந்த உயரத்தில், எந்தப் பக்கம் என்பது மோதிய கோணத்தைச் சொல்லும்.

இழப்பீட்டு மனுவுக்கு மோட்டார் வாகனச் சட்டம் 166(3)-ல் 2019 திருத்தம் ஆறு மாதக் கெடு வைத்திருக்கிறது. அதனால் அறிக்கைக்குக் காத்திருக்காமல் இந்த வாரமே வழக்கறிஞரைப் பார்த்து மனுவைப் போடுங்கள். எஃப்.ஐ.ஆர். என்பது முடிந்த முடிவு இல்லை. தீர்ப்பாயத்தில், குற்ற வழக்கைப் போல ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதும் இல்லை, எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்பதே அளவுகோல். இருவர் மேலும் தவறு என்று கண்டால் பங்கு பிரித்து இழப்பீட்டைக் குறைப்பார்கள். வேகத்தின் எண் அங்கேதான் பேசும்.

ரோடே சரியில்லாம நடந்த விபத்துன்னா?

அதையும் அளந்து எழுதுங்கள். வெள்ளைக்கோடு இல்லாத வேகத்தடை, கைப்பிடி இல்லாத மதகு, தாருக்கும் ஓர மண்ணுக்கும் ஓர் அடிப் பள்ளம், பாலத்தின் அணுகுசாலை இறங்கிய இடம், எதுவானாலும் அளவோடு வேண்டும். வடிவமைப்பு, பராமரிப்புத் தரத்தைக் கடைப்பிடிக்காததால் மரணமோ ஊனமோ நேர்ந்தால் பொறுப்பானவர்களுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று மோட்டார் வாகனச் சட்டத்தில் 198ஏ பிரிவு இருக்கிறது. அதைப் பயன்படுத்துகிறவர்கள் மிகக் குறைவு. அளவுகள் இல்லாததும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

அனுபவம்னு எதைச் சொல்றீங்க? எத்தனை கேஸ் பார்த்தா தனியா செய்யலாம்?

எண்ணிக்கை சொல்ல மாட்டேன். அனுபவம் உள்ள ஒருவரோடு போய் அளந்து, இருவரும் தனித்தனியாகக் கணக்குப் போட்டு, ஏன் வேறுபட்டது என்று உட்கார்ந்து பேசுங்கள். அந்த வேறுபாட்டை நீங்களே விளக்க முடிகிறபோது தயாராகிவிட்டீர்கள். வேகம் தெரிந்த சோதனைகளைச் செய்து, விடையை மறைத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்பது இன்னொரு நல்ல பழக்கம்.

சைக்கிள், பைக், டிராக்டர், அரசுப் பேருந்து, அறுவடை எந்திரம் ஆகியவற்றுக்கு அருகில் நின்று பழகுங்கள். எந்திரத்தின் முன்வெட்டி எந்த உயரத்தில் நிற்கும், பேருந்து ஓட்டுநரின் இருக்கையிலிருந்து இடப்பக்கம் எவ்வளவு மறையும் என்பதெல்லாம் உட்கார்ந்து பார்த்தால்தான் புரியும். ஓட்டுநர்களிடம் பேசுங்கள், மரியாதையோடு பேசினால் நிறையச் சொல்வார்கள்.

உடம்பையெல்லாம் பார்க்கணுமே, மனசு தாங்குமா?

எல்லோருக்கும் தாங்காது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. படங்களையும் அளவுகளையும் மட்டும் வைத்துக் கணக்குப் பார்க்கும் வேலையும் இதில் உண்டு, அதற்குப் போகலாம். சம்பவ இடத்துக்குப் போகிறவர்கள் தனியாகப் போகாதீர்கள், திரும்பி வந்த பிறகு யாரிடமாவது பேசுங்கள். குழந்தைகள் சம்பந்தப்பட்டதைச் சில மாதங்களுக்கு எடுக்க மாட்டேன் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. இறந்தவரின் வீட்டார் பக்கத்தில் நிற்கும்போது சத்தமாக அளவு சொல்லாதீர்கள், செருப்பைத் தாண்டி நடக்காதீர்கள். இதையெல்லாம் எந்தப் பாடத்திட்டத்திலும் எழுதமாட்டார்கள்.

கோர்ட்ல குறுக்கு விசாரணையில மாட்டிக்கிட்டா?

கேள்வி பெரும்பாலும் இப்படித்தான் வரும்: 'நீங்கள் சம்பவத்தை நேரில் பார்க்கவில்லை, சரிதானே?' சரிதான் என்று சொல்லுங்கள். 'உராய்வை 0.7 என்று நீங்களாக வைத்துக்கொண்டீர்கள், சரிதானே?' இதற்குத்தான் மேலே சொன்ன சோதனையும் எல்லைகளும். எதை அளந்தீர்கள், எதை ஊகித்தீர்கள், ஊகம் மாறினால் விடை எவ்வளவு மாறும் என்று அறிக்கையிலேயே பிரித்து எழுதியிருந்தால் குறுக்கு விசாரணையில் புதிதாகச் சொல்ல ஒன்றும் இருக்காது. தெரியாததைத் தெரியாது என்று சொன்னதால் எந்த வல்லுநரும் கெட்டுப்போனதில்லை.

தீர்ப்பாயம் தமிழிலும் நடக்கும். சூத்திரத்தைத் தமிழில் விளக்கப் பழகுங்கள். அறிக்கையின் முதல் பக்கத்தில், பத்தாம் வகுப்பு படித்தவருக்குப் புரியும்படி ஒரு பத்தி வையுங்கள். மேல்முறையீட்டில் தஞ்சாவூர் வழக்கு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கும், திருவாரூர், நாகப்பட்டினம் வழக்குகள் சென்னைக்கும் போகும். அங்கே உங்களை யாரும் கூப்பிடப் போவதில்லை, உங்கள் தாள்தான் பேச வேண்டும்.

சாட்சி ஒண்ணு சொல்றார், கணக்கு வேற சொல்லுது. எதை எடுக்கிறது?

முதலில் கணக்கைச் சந்தேகியுங்கள். அளவு சரியா, படத்தில் இருப்பது இந்த விபத்தின் தடம்தானா, முந்தைய வாரத் தடமா என்று பாருங்கள். அதுவும் சரி என்றால், சாட்சி நின்ற இடத்தில் போய் நில்லுங்கள். வளைவில் வாழைத் தோப்பு மறைத்திருக்கும், சத்தம் கேட்டுத்தான் திரும்பியிருப்பார். சத்தத்துக்குப் பிறகு பார்த்ததை முழுவதும் பார்த்ததாக மனம் நிரப்பிக்கொள்ளும். அவர் பொய் சொல்கிறார் என்று எழுதாதீர்கள். இந்த இடத்திலிருந்து மோதிய புள்ளி தெரியாது என்று, அளவோடு எழுதினால் போதும்.

உங்களைக் கூப்பிட்டவங்களுக்கு எதிராவே கணக்கு வந்துட்டா என்ன செய்வீங்க?

அவர்களிடம் முதலில் வாய்மொழியாகச் சொல்வேன், முழுக் காரணத்தோடு. அறிக்கையைத் தாக்கல் செய்வதா வேண்டாமா என்பது அவர்கள் வழக்கறிஞரின் முடிவு. எண்ணை மாற்றித் தரமாட்டேன். காப்பீட்டு நிறுவனம் கேட்டாலும், கணவரை இழந்தவர் கேட்டாலும் இதே பதில்தான். இரண்டாவது ஆளிடம் இதைச் சொல்லும்போது தொண்டை அடைக்கும், இருந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

கட்டணத்தை வேலை தொடங்கும் முன்பே, எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள், ஆய்வுக்காகத்தான் பணம் என்று. 'கேஸ் ஜெயிச்சா இவ்வளவு பங்கு' என்று யார் சொன்னாலும் அந்த வழக்கை எடுக்காதீர்கள். அளவுக் குறிப்பேட்டையும் மூலப் படங்களையும் எந்தத் தரப்பு கேட்டாலும் காட்டத் தயாராக, தேதி போட்டு, வழக்கு முடிந்து மேல்முறையீட்டுக் காலமும் தாண்டும்வரை பத்திரமாக வைத்திருங்கள்.